பால் பல்லு தானேன்னு விட்டேன்... பில்லு வந்துச்சு!



எமர்ஜென்சி ஃபண்ட் வீடியோவுல உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டிருந்தேன். "உங்க வீட்டுல திடீர்னு வரக்கூடிய செலவு என்னென்ன?"ன்னு. வேலை போறது, வண்டி ரிப்பேர், அப்பா அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, ஃப்ரிட்ஜ் கெட்டுப்போறது, ஊர்ல திடீர் கல்யாணம்னு நிறைய பேர் எழுதியிருந்தீங்க. குழந்தையோட பல்லுன்னு ஒருத்தர் கூட எழுதலை. வீடியோவுல நானும் சொல்லலை. வேடிக்கை என்னன்னா, அந்த வீடியோவை எடிட் பண்ணிட்டிருந்த அதே வாரம்தான் என் பொண்ணோட ஒரே ஒரு பல்லுக்காக 9,100 ரூபா கட்டிட்டு வந்தேன்.

ஒரு பல்லு. ஒன்பதாயிரத்து நூறு. அதுவும் நான் தெரிஞ்சே தள்ளிப்போட்டதால வந்த செலவு. அதனால இன்னைக்கு மியூச்சுவல் ஃபண்டும் இல்லை, தங்கமும் இல்லை. பல்லைப் பத்திதான் பேசப் போறேன். கடைசி வரைக்கும் படிங்க, ஏன்னா இது பணத்தைப் பத்தின பதிவுதான்.

என் பொண்ணுக்கு இப்போ எட்டு வயசு. ஏழு வயசு இருக்கும்போதே கீழ்வரிசையில கடைசிப் பல்லுல ஒரு கறுப்புப் புள்ளி இருக்குன்னு வீட்டுல சொன்னாங்க. "பால் பல்லு தானேம்மா, விழுந்து புதுசா முளைக்கும்"னு சொல்லிட்டேன். நாலு மாசம் கழிச்சு மறுபடியும் சொன்னாங்க. அப்போ மார்ச் மாசம், டாக்ஸ் வேலை தலைக்கு மேல. "லீவு விடட்டும், பாக்கலாம்"னேன். லீவும் வந்துச்சு, ஊருக்குப் போனோம், வந்தோம். பல்லு ஞாபகம் வரலை. பாப்பாவும் ஒண்ணும் சொல்லலை. அந்தப் பக்கம் மெல்லாம அடுத்த பக்கம் மென்னுக்கிட்டு இருந்திருக்கான்னு பின்னாடிதான் தெரிஞ்சுது.

ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உக்காந்து அழுதா. கிராம்பு வச்சோம், உப்புத் தண்ணில கொப்புளிக்கச் சொன்னோம். விடியற வரைக்கும் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தேன். காலையில டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "சார், இது பால் பல்லு இல்லை. இது விழாது."

எனக்குப் புரியவே இல்லை. எட்டு வயசுக் குழந்தைக்கு நிரந்தரக் கடைவாய்ப் பல்லா? எதுவும் விழுந்த மாதிரியே தெரியலையே?

இங்கதான் பெரும்பாலான அப்பா அம்மாக்கள் ஏமாந்து போறோம். குழந்தைக்கு மொத்தம் 20 பால் பற்கள். ரெண்டரை, மூணு வயசுக்குள்ள எல்லாம் வந்துடும். அதுக்கப்புறம் ஆறு வயசு வாக்குல, அந்தப் பால் பற்களுக்கெல்லாம் பின்னாடி, காலியா இருக்கிற இடத்துல, மேல ரெண்டு கீழ ரெண்டுன்னு நாலு புதுக் கடைவாய்ப் பற்கள் முளைக்கும். எந்தப் பல்லும் விழாம சத்தமில்லாம வர்றதால அது புதுசுன்னே நமக்குத் தெரியாது. ஆனா அந்த நாலும் 60, 70 வயசு வரைக்கும் வேலை செய்ய வேண்டிய பற்கள். புதுசா வந்த பல்லுல எனாமல் இன்னும் முழுசா இறுகியிருக்காது, மேல பள்ளம் பள்ளமா இருக்கும், பிரஷ்ஷும் சரியா எட்டாது. சொத்தை முதல்ல பிடிக்கிற இடங்கள்ல அதுவும் ஒண்ணு.

இந்த ஒரு பத்தியை மட்டும் படிச்சுட்டு, உங்க வீட்டுல ஆறு வயசு தாண்டின குழந்தை இருந்தா வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பாத்துட்டு வாங்க. பதிவு எங்கேயும் போகாது.

சரி, பில்லுக்கு வருவோம். கன்சல்டிங் 300. எக்ஸ்ரே ரெண்டு தடவை, 500. அந்த வயசுல வேர் நுனி முழுசா வளர்ந்திருக்காது, அதனால பெரியவங்களுக்குப் பண்ற மாதிரி நேரா ரூட் கேனால் பண்ண முடியாதுன்னாங்க. நரம்போட மேல் பாகத்தை மட்டும் எடுத்துட்டு மருந்து வச்சு அடைச்சாங்க, அது 5,500. மேல ஸ்டீல் கேப் 2,800. மொத்தம் 9,100. இதுல நான் போட்ட அரை நாள் லீவு மூணு சேரலை. இந்தக் கேப்பும் நிரந்தரம் இல்லை, வளர்ந்த பிறகு வேற போடணும்.

இதே பல்லை அந்தக் கறுப்புப் புள்ளி தெரிஞ்ச அன்னைக்கே காட்டியிருந்தா சாதாரண ஃபில்லிங். அதே கிளினிக்ல அதுக்கு 1,200 ரூபா. பல்லு முளைச்ச உடனே காட்டியிருந்தா, அந்தப் பள்ளங்களை மூடுறதுக்கு சீலன்ட்னு ஒரு பூச்சு இருக்கு. பல்லுக்கு 700. ஊசி கிடையாது, குடையறது கிடையாது, வலி கிடையாது. ரேட்டெல்லாம் ஊருக்கு ஊர், கிளினிக்குக்கு கிளினிக் மாறும், என்னோடதை வச்சு சண்டை போடாதீங்க. ஆனா 700, 1,200, 9,100 அப்படிங்கிற அந்த ஏணி எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்.

கிரெடிட் கார்டு பில்லை மினிமம் கட்டிட்டுத் தள்ளிப்போடறவங்களை நான் வீடியோவுல எவ்வளவு திட்டியிருக்கேன்! சொத்தைப் பல்லும் அதே கணக்குதான். சொத்தை தானா ஆறாது. எனாமல்ல ஓட்டை விழுந்துடுச்சுன்னா அது உள்ளதான் போகும். வலி இல்லைங்கிறது நல்ல செய்தியே இல்லை, நரம்பை இன்னும் தொடாம இருக்கலாம், அவ்வளவுதான்.

"சரிங்க, அது நிரந்தரப் பல்லு, நிஜமான பால் பல்லுன்னா விட்டுடலாமா?"ன்னு கேப்பீங்க. அதுக்கு எங்க அக்கா வீட்டுக் கதை இருக்கு.

அக்கா பையன் மூணு வயசு வரைக்கும் ராத்திரி சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில வச்சுக்கிட்டேதான் தூங்குவான். தூக்கத்துல உமிழ்நீர் சுரக்கிறது குறைஞ்சுடும், பால் பல்லுலயே தேங்கி நிக்கும். மேல் முன் பற்கள் நாலும் அரிச்சுக் கறுத்துப் போச்சு. பின்னாடி ரெண்டு பல்லு அஞ்சு வயசுலயே வலி தாங்க முடியாமப் பிடுங்கினாங்க. அப்போ டாக்டர், அந்த இடத்தைப் பிடிச்சு வைக்க ஒரு சின்ன வளையம் மாதிரி கம்பி, ஸ்பேஸ் மெயின்டெய்னர்னு சொல்வாங்க, அதைப் போடச் சொல்லியிருக்கார். 3,000 ரூபா சொன்னாராம். மாமா, "விழப்போற பல்லுக்கு எதுக்குங்க மூவாயிரம்?"னு கேட்டுட்டு வந்துட்டார். மாமாவைக் குறை சொல்ல மாட்டேன், நானா இருந்தாலும் அதேதான் கேட்டிருப்பேன்.

பால் கடைவாய்ப் பற்கள் சும்மா இல்லைங்க. கீழ வளர்ற நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கு. ரயில்ல துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி. அது விழ வேண்டிய வயசு பத்துலேர்ந்து பன்னிரண்டு. அஞ்சு வயசுலயே துண்டை எடுத்துட்டா, ஆறு வயசுல வர்ற அந்தப் புதுக் கடைவாய்ப் பல்லு முன்னாடி நகர்ந்து உக்காந்துக்கும். அப்புறம் வர வேண்டிய பல்லுக்கு சீட் இல்லை, நின்னுக்கிட்டும் சாய்ஞ்சுக்கிட்டும்தான் வரும். அக்கா பையனுக்கு இப்போ பதினொரு வயசு. கிளிப் போடணும், 45,000 ரூபான்னு எஸ்டிமேட் கொடுத்திருக்காங்க. பல்லு கோணலா வர்றதுக்கு பரம்பரை, தாடை அளவு, விரல் சூப்பறதுன்னு வேற காரணங்களும் உண்டு. ஆனா இவனுக்கு இடம் போனதுதான் முக்கியக் காரணம்னு டாக்டரே சொல்லிட்டார்.

பணத்தை விடுங்க. அவன் எல்கேஜி, யுகேஜி குரூப் போட்டோ ரெண்டையும் அக்கா காட்டினாங்க. எல்கேஜில வாயெல்லாம் பல்லு, கறுப்புப் பல்லுதான், ஆனா சிரிக்கிறான். யுகேஜில உதட்டை இறுக்கி மூடிக்கிட்டு நிக்கிறான். நடுவுல ஒரு வருஷம் கிளாஸ்ல "பூச்சிப் பல்லு"ன்னு கூப்பிட்டிருக்காங்க. புதுப் பல்லு முளைச்சு நாலு வருஷம் ஆகப் போகுது, இன்னைக்கும் அவன் போட்டோவுக்கு வாயைத் திறக்க மாட்டான். போன பொங்கலுக்கு நான் எவ்வளவோ ஜோக் அடிச்சுப் பாத்தேன். கையை வாய் மேல வச்சுக்கிட்டுத்தான் சிரிச்சான்.

குழந்தைக்குப் பல்லு பாக்குறது "அழகுக்கு ஆன செலவு"ன்னு நம்ம பட்ஜெட் நோட்டுல எழுதுறதை நான் ஏத்துக்கவே மாட்டேன். ஸ்கூல் ஃபீஸ் எந்தப் பக்கத்துல எழுதுறீங்களோ, அதே பக்கத்துல எழுதுங்க.

இப்போ இன்சூரன்ஸ். "நமக்குத்தான் ஃபேமிலி ஃப்ளோட்டர் 10 லட்சம் இருக்கே"ன்னு நினைக்காதீங்க. பெரும்பாலான ஹெல்த் பாலிசிகள்ல கிளினிக்ல போய்ப் பண்ற பல் சிகிச்சைக்குப் பணம் வராது. விபத்துல அடிபட்டு ஆஸ்பத்திரில அட்மிட் ஆனா மாதிரியான நிலைமைக்குத்தான் கவர் இருக்கும். ஃபில்லிங், ரூட் கேனால், கிளிப் எல்லாம் நம்ம பாக்கெட்தான். சில கம்பெனிகள் ஓபிடி ஆட்-ஆன்ல பல்லையும் சேர்த்துத் தர்றாங்க. வாங்குறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க: வருஷத்துக்கு எவ்வளவு லிமிட், காத்திருப்புக் காலம் எவ்வளவு, கிளிப் அதுல உண்டா இல்லையா. வருஷத்துக்கு 4,000 கூடுதல் பிரீமியம் கட்டி 5,000 லிமிட் வாங்குற பாலிசின்னா, அந்த நாலாயிரத்தை நீங்களே ஒரு டப்பாவுல போட்டு வச்சுக்கலாம்.

80டி-ல கழிக்கலாமான்னு சிலர் கேப்பீங்க. குழந்தையோட பல் சிகிச்சை பில்லை அதுல காட்ட வழியில்லை. மருத்துவச் செலவையே காட்டுறதுங்கிறது இன்சூரன்ஸ் இல்லாத மூத்த குடிமக்களுக்கு மட்டும்தான், அதுவும் பழைய வரி முறையில.

அடுத்தது எனக்குக் கோபம் வர்ற இடம், இஎம்ஐ. கிளிப்புக்கு எஸ்டிமேட் கொடுக்கும்போதே "ஜீரோ காஸ்ட் இஎம்ஐ இருக்கு சார்"னு ஒரு அட்டையை நீட்டுறாங்க. அக்காவுக்கும் நீட்டினாங்க. பூஜ்ஜியம் சதவீத வட்டிங்கிற விஷயமே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே சுற்றறிக்கை விட்டு பேங்குகளுக்குச் சொல்லிடுச்சு. வட்டி எங்கேயோ ஒளிஞ்சிருக்கும். பிராசசிங் ஃபீஸ்ல இருக்கும், அது மேல 18% ஜிஎஸ்டி வேற. இல்லைன்னா மொத்தமாக் கட்டினா கிடைக்கிற தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காமப் போயிருக்கும். அக்காகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொன்னேன்: "இன்னைக்கே முழுசாக் கட்டினா எவ்வளவு?" 45,000 உடனே 41,000 ஆச்சு. அந்த நாலாயிரம்தான் வட்டி.

இன்னொண்ணும் தெரிஞ்சுக்கங்க. கிளிப் சிகிச்சை பொதுவா ஒன்றரை, ரெண்டு வருஷம் ஓடும். நிறைய டாக்டர்களே கடன் கம்பெனி எதுவும் இல்லாம தவணையா வாங்கிக்குவாங்க. முதல்ல ஒரு பகுதி, அப்புறம் மாசா மாசம் கம்பி டைட் பண்ணப் போகும்போது கொஞ்சம். கேக்கணும், அவ்வளவுதான். கூச்சப்பட்டா கடன் கம்பெனிக்காரன்தான் சம்பாதிப்பான்.

எல்லாத்துக்கும் டாக்டர் சொன்னாருன்னு தலையாட்டணும்னும் நான் சொல்லலை. ஏழு வயசுல முன் பல்லு ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி இருக்குன்னு கிளிப் போடச் சொன்னாங்கன்னா, ரெண்டாவதா இன்னொரு டாக்டரைப் பாருங்க. அந்த வயசுல இடைவெளி சகஜம், பக்கத்துப் பற்கள் வரும்போது பலருக்கும் தானாவே மூடிடும். பெரிய தொகை எதுவா இருந்தாலும் எக்ஸ்ரேயைக் கையில வாங்கிட்டு இன்னொரு இடத்துல 300 ரூபா கன்சல்டிங் கட்டுறது நஷ்டமே இல்லை.

இப்போ எவ்வளவு ஒதுக்கணும்? என் கருத்து: ஒரு குழந்தைக்கு மாசம் 500. அதுக்கு ஈக்விட்டி எஸ்ஐபி எல்லாம் வேண்டாம். எப்போ தேவைப்படும்னு தெரியாத பணத்தை மார்க்கெட்ல விடக்கூடாது. போஸ்ட் ஆபீஸ் ஆர்டி போதும். 6.7% வட்டின்னு வச்சுக்கிட்டா, மாசம் 500 போட்டா அஞ்சு வருஷத்துல கிட்டத்தட்ட 35,700 வரும். குழந்தைக்கு ஆறு வயசுல ஆரம்பிச்சா பதினொண்ணுல கையில இருக்கும். கிளிப் தேவைப்படுற குழந்தைகளுக்கு பெரும்பாலும் அந்த வயசுலதான் பேச்சே ஆரம்பிக்கும். தேவைப்படலையா, சைக்கிள் வாங்கிக் கொடுங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்கு ஆகுற காசை மட்டும் ஆர்டி-ல சேர்க்காம கையிலேர்ந்து கொடுத்துடுங்க, அது பள்ளிக்கூட நோட்டுக்கு ஆகுற செலவை விடக் குறைவுதான்.

மாசம் 500 கூட எல்லாராலயும் முடியாது, எனக்குத் தெரியும். அவங்களுக்கு இது: மாவட்டத் தலைமை மருத்துவமனைகள்ல பல் பிரிவு இருக்கு. சென்னை கோட்டை ரயில் நிலையம் எதிர்ல அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு. சிதம்பரத்துலயும் புதுக்கோட்டையிலயும் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள்லயும் மாணவர்கள், பேராசிரியர் மேற்பார்வையில, வெளியில ஆகுறதுல ஒரு பங்கு காசுக்குப் பண்ணுவாங்க. வேலை சுத்தமா இருக்கும், ஆனா நேரம் ஆகும். தினக்கூலிக்குப் போறவங்களுக்கு அந்த ஒரு நாளும் காசுதான், அதையும் கணக்குல சேருங்க. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வர்ற ஆர்பிஎஸ்கே மருத்துவக் குழு பாக்குற லிஸ்ட்ல பல்லும் உண்டு. அவங்க எழுதிக் கொடுக்குற சீட்டைப் புத்தகப் பையிலயே விட்டுடாதீங்க.

இனி காசே ஆகாத விஷயம். விளம்பரத்துல பிரஷ் முழுக்க அலை அலையா பேஸ்ட்டைப் பிதுக்கிக் காட்டுறாங்களே, அது அவங்க டியூப் சீக்கிரம் தீர்றதுக்கு. மூணு வயசுக்குள்ள ஒரு அரிசி அளவு, மூணுலேர்ந்து ஆறு வயசு வரைக்கும் ஒரு பட்டாணி அளவு, அவ்வளவுதான் வேணும். பட்டாணி அளவுங்கிறது கால் கிராம். ரெண்டு வேளைக்கு அரை கிராம். 100 கிராம் டியூப் 200 நாள் வரும். வருஷத்துக்கு ரெண்டு டியூப் கூட முழுசா ஆகாது! 2025 செப்டம்பர்லேர்ந்து டூத் பேஸ்ட், பிரஷ்ஷுக்கு ஜிஎஸ்டி 18-லேர்ந்து 5% ஆயிடுச்சு, அதையும் சேர்த்துக்கங்க.

எந்த பேஸ்ட்? கார்ட்டூன் படத்தைப் பாக்காதீங்க, பின்னாடி பொடி எழுத்துல ஃப்ளோரைடு எவ்வளவு பிபிஎம்னு பாருங்க. 1,000 வாக்குல இருக்கணும். குழந்தைகளுக்குன்னு விலை கூட விக்கிற சில பேஸ்ட்ல அதுல பாதிதான் இருக்கு, சிலதுல இல்லவே இல்லை. "ஃப்ளோரைடு விஷம்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே"ன்னா, அந்த பயத்துக்கும் ஒரு காரணம் இருக்கு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீர்லயே ஃப்ளோரைடு அதிகம், பல்லுல பழுப்புக் கறை பிடிக்கும். அதுக்குத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்துச்சு. அது வருஷக்கணக்கா குடிக்கிற தண்ணி. இது பட்டாணி அளவு எடுத்து, தேய்ச்சுத் துப்புறது. அந்தப் பக்கம் போர் தண்ணி குடிக்கிற வீடா இருந்தா மட்டும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

ராத்திரி தேய்க்கிறதுதான் காலையில தேய்க்கிறதை விட முக்கியம். தேய்ச்சுட்டு நுரையைத் துப்பினா போதும், தண்ணி ஊத்திக் கொப்புளிச்சா மருந்தெல்லாம் போயிடும். ஏழு, எட்டு வயசு வரைக்கும் நீங்கதான் கூட நின்னு தேய்ச்சு விடணும், அதுங்களே பண்ணிக்கும்னு நம்பாதீங்க (நான் நம்பினேன்).

ஸ்வீட்டே கொடுக்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன், எங்க வீட்டுலயே நடக்காது. எவ்வளவுங்கிறதை விட எத்தனை தடவைங்கிறதுதான் பல்லுக்கு முக்கியம். ஒவ்வொரு தடவை இனிப்பு உள்ள போகும்போதும் வாய்ல இருக்கிற கிருமி அதை அமிலமா மாத்தும், அது அடங்க அரை மணி நேரம் வரைக்கும் ஆகும். நாலு பிஸ்கட்டை ஒரே தடவையாத் தின்னா ஒரு அரை மணி. ஒண்ணொண்ணா சாயந்திரம் முழுக்கக் கொறிச்சா ரெண்டு மணி நேரம்.

பொண்ணுக்கு மீதி இருந்த மூணு கடைவாய்ப் பல்லுக்கும் போன சனிக்கிழமை சீலன்ட் போட்டுட்டு வந்தோம். 2,100 ரூபா. இருபது நிமிஷம் ஆச்சு. வெளிய வந்து ஸ்கூட்டர் கண்ணாடியில வாயைத் திறந்து பாத்துட்டு, "அப்பா, எதுவுமே தெரியலையே, எதுக்குக் காசு கொடுத்தே?"ன்னு கேட்டா.

உங்க ஊர்ல ஃபில்லிங், சீலன்ட், கிளிப்புக்கு எவ்வளவு வாங்கினாங்கன்னு ஊர்ப் பேரோட கமெண்ட்ல எழுதுங்க. கிளினிக் பேர் வேண்டாம். நூறு பேர் எழுதினா ஊர்வாரியா ஒரு அட்டவணை போட்டு அடுத்த வீடியோவுல காட்டுறேன். ஓபிடி ஆட்-ஆன்ல பல்லுக்கு நிஜமாவே கிளெய்ம் வாங்கினவங்க யாராவது இருந்தா அவங்க அனுபவத்தையும் எழுதுங்க, இதுவரைக்கும் எனக்கு ஒருத்தர் கூட மாட்டலை.